மேசையின் அடிப்பக்கம்

பழைய மேசை நாற்காலிகளைப் பற்றி எழுத ஒரு இலக்கியப் பத்திரிகையில் என்ன இடம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நம்மிடையே பல வருஷங்களாக நடந்துவரும் ஒரு சண்டையைச் சோதித்துப் பார்க்க, கவிதையையும் நாவலையும்விட ஒரு பீரோ சௌகரியமானது என்று எனக்குத் தோன்றுகிறது. சண்டை எல்லோருக்கும் தெரிந்ததே. படைப்பை அதன் உருவத்துக்காக மட்டும் பார், மற்றதெல்லாம் சமூகவியல்காரனின் வேலை என்பது ஒரு கட்சி. உருவம் வெறும் மினுக்கு, அதன் பின்னால் உள்ள வர்க்க நலனைச் சொல்லிவிட்டால் விமர்சனம் முடிந்தது என்பது இன்னொரு கட்சி. கவிதையை வைத்துக்கொண்டு இரண்டு கட்சியும் எத்தனை நாள் வேண்டுமானாலும் வாதாடலாம். கவிதையின் எடை யாருக்கும் தெரியாது. மேசை அப்படியல்ல. அதை யாரோ அறுத்தார்கள், இழைத்தார்கள், தூக்கிக்கொண்டு போய் இறக்கினார்கள்.

சரக்கின் மர்மத்தை விளக்க வந்த மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதல் அத்தியாயத்தில் ஒரு மர மேசையைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். அவருக்கு ஏதாவதொரு மேசை போதுமாக இருந்தது. நான் இங்கே பேசப்போவது அரசர்களுக்காகவும் பிரபுக்களுக்காகவும் செய்யப்பட்டு, இன்று ஏலக்கூடங்களிலும் மியூசியங்களிலும் ஜீவித்திருக்கும் அழகான சாமான்களைப் பற்றி. அவை அழகானவை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இவற்றில் உழைப்பு உருவத்துக்கு வெளியே நிற்கும் ஒரு விஷயமல்ல. உழைப்பை எப்படி மறைப்பது என்பதே இங்கே உருவமாக ஆகியிருக்கிறது. ஆகவே உருவத்தை மட்டும் பார்ப்பேன் என்கிறவன், சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் கடைசிவரை பார்த்தால், உழைப்பிடம்தான் வந்து சேர்வான். பாதியில் நின்றுவிடுவதுதான் கோளாறு.

1

2004 டிசம்பரில் லண்டனில் கிறிஸ்டீஸ் நிறுவனம் 'பாட்மிண்டன் கேபினெட்' என்ற கருங்காலி பீரோவை ஏலம் விட்டது. விலை 1 கோடியே 90 லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல். 1990ல் இதே பீரோ 85 லட்சம் பவுண்டுக்கு மேல் போனபோதே அது மரச்சாமான் ஏலங்களில் ஒரு உச்சம். 2004ல் தன் உச்சத்தைத் தானே தாண்டிக்கொண்டது. மூன்றாம் போஃபர்ட் டியூக் 1726ல், தம் பத்தொன்பதாம் வயதில், ஃப்ளாரன்ஸில் மெடிச்சி குடும்பத்தின் பட்டறையில் சொல்லிச் செய்வித்த பீரோ இது. 12 அடிக்கு மேல் உயரம். வண்ணக் கற்களை அறுத்து, பறவையும் பூவும் கொடியுமாகக் கருங்காலியில் பதித்திருக்கிறார்கள். சுமார் 30 பேர் 6 வருஷம் வேலை செய்தார்கள் என்பது சொல்லப்படும் கணக்கு. 2004ல் வாங்கியவர் லீக்டென்ஸ்டைன் நாட்டின் இளவரசர். வியன்னாவிலுள்ள தம் குடும்ப மியூசியத்துக்காக வாங்கினார்.

இத்தகைய சாமான்களுக்கு ஏலப் பட்டியலில் எழுதப்படும் உரைநடையைக் கவனிக்க வேண்டும். அதில் ஒரு பகுதி கைமாறிய வரலாறு: யாருக்காகச் செய்யப்பட்டது, யாருக்குப் பின் யார், எந்த மாளிகையில் எந்த வருஷம், எந்த ஏலத்தில் எந்த எண். சாமானின் ஜாதகம் இது. நன்றாகப் படித்தால் இது ஒரு வம்சாவளி என்பது புலப்படும். அரச வம்சாவளிகளைப் போலவே இதிலும் தொடர்ச்சிதான் மதிப்பு. நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் விலை இறங்கும். பீரோவின் வாழ்க்கை அது முதல் சொந்தக்காரனின் வீட்டுக்குள் நுழைந்த கணத்தில் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்திய 6 வருஷமும் கர்ப்பவாசம் போல. குழந்தைக்கும் ஞாபகமில்லை, மற்றவர்களும் கேட்பதில்லை.

30 என்ற எண் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அந்த எண் சொல்லப்படும் விதமும் விசேஷமானது. எத்தனை பேர் உழைத்தார்கள் என்பது உழைத்தவர்களைப் பற்றிய செய்தியாக அங்கே வருவதில்லை. இவ்வளவு பேரை இவ்வளவு காலம் கட்டிப்போட முடிந்த ஒரு பத்தொன்பது வயதுப் பையனின் வல்லமையைப் பற்றிய செய்தியாக வருகிறது. யானைகள் எத்தனை, தேர்கள் எத்தனை என்று எண்ணும் மரபுதான்.

2

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் மரவேலைக்காரர்களுக்கு ஒரு கில்டு இருந்தது. சங்கம் என்று எழுதினால் இன்றைய தொழிற்சங்கம் ஞாபகத்துக்கு வந்துவிடும். இது பட்டறை வைத்திருக்கும் ஆசான்களின் அமைப்பு. ஆசானாகப் பணம் கட்ட வேண்டும்; ஆசானின் மகனுக்குக் குறைவு, வெளியிலிருந்து வந்தவனுக்கு அதிகம். 1743ல் எழுதப்பட்டு 1751ல் அமலுக்கு வந்த விதிகளின்படி, ஒவ்வொரு ஆசானும் தன் பட்டறையிலிருந்து வெளியேறும் சாமானில் தன் பெயரை இரும்பு முத்திரையால் அடிக்க வேண்டும். முத்திரை விழுந்த இடம் பெரும்பாலும் பின்பக்கம், அடிப்பக்கம், அல்லது பளிங்குப் பலகையை எடுத்தால் மட்டுமே தெரியும் விளிம்பு. இன்று வாங்குகிறவர்கள் ஓவியத்தின் மூலையில் கையெழுத்தைத் தேடுவதுபோல் இதைத் தேடுகிறார்கள். கலைஞனின் கையெழுத்து என்றே சொல்கிறார்கள்.

அது கையெழுத்தா? ஓபென் என்பவரும் ரீஸ்னர் என்பவரும் ஜெர்மனியிலிருந்து பாரிஸுக்குப் பிழைக்க வந்தவர்கள். ஓபென் பட்டறை வைத்தார்; ரீஸ்னர் அதில் வேலைக்குச் சேர்ந்தார். 1763ல் ஓபென் இறந்தபின் அவர் மனைவி பட்டறையை நடத்தினார். விதவை கணவனின் முத்திரையைத் தொடர்ந்து உபயோகிக்கக் கில்டு அனுமதித்தது. ரீஸ்னர் அந்தப் பெண்ணையே மணந்துகொண்டார். 1768ல் அவர் ஆசானாகும்வரை, அவர் கையால் செய்த சாமான்களிலும் செத்துப்போன ஓபெனின் பெயரே விழுந்தது. முத்திரை கையைக் குறிப்பதல்ல, கடையைக் குறிப்பது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நம் வீடுகளில் பாத்திரத்தின் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறது. அது வாங்கியவர் பெயர், அல்லது சீராகக் கொடுத்தவர் பெயர். பாத்திரத்தைத் தட்டி எடுத்த கன்னானின் பெயரை அங்கே யாரும் தேடுவதில்லை. பாரிஸ் முத்திரை இதற்கு ஒரு படி மேல், அவ்வளவே. ஆசானின் பெயர் உண்டு. அவருக்குக் கீழே கூலிக்கு இழைத்தவனின் பெயர் கிடையாது.

ரீஸ்னர் பிறகு மன்னனின் மேசையை முடித்துக்கொடுத்தார். பதினைந்தாம் லூயிக்காக ஓபென் 1760ல் தொடங்கியது, 1769ல் முடிந்தது. உருளை மூடி போட்ட எழுதுமேசை, இன்றும் வெர்சாய் அரண்மனையில் இருக்கிறது. அதில் ரீஸ்னர் தன் பெயரை மரத்துணுக்குகளாலேயே பதித்துவிட்டார். 9 வருஷ வேலையில் எத்தனை தொழில்கள் சேர்ந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. உள்கூடு ஓக் மரம். அதன்மேல் நிறநிறமான அரிய மரங்களின் மெல்லிய தகடுகள். மூலைகளிலும் விளிம்புகளிலும் முலாம் பூசிய வெண்கலச் சிற்பங்கள். கில்டு விதிப்படி மரவேலைக்காரன் வெண்கலத்தைத் தொடக்கூடாது. வார்ப்பது ஒருவன், செதுக்குவதும் முலாம் பூசுவதும் வேறொருவன்.

முலாம் பூசும் முறையைச் சொல்ல வேண்டும். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துக் களிம்பாக்கி வெண்கலத்தின்மேல் தடவி நெருப்பில் காட்டுவார்கள். ரசம் ஆவியாகப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். போன ரசம் எங்கே போயிற்று? பூசியவனின் நுரையீரலுக்குள். கை நடுக்கம், பல் விழுதல், புத்தி தடுமாறுதல், அகால மரணம் எல்லாம் அந்தத் தொழிலில் தெரிந்த விஷயங்கள். அந்த முலாமின் ஒளியை வேறெந்த முறையும் எட்டவில்லை என்றும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது அழகியலும் ஆகாது, அரசியலும் ஆகாது.

மேல்தகட்டு வேலை, அதாவது வெனீர், இதைவிட நுட்பமான விஷயம். இன்று நாம் பார்க்கும் பழைய பிரெஞ்சு சாமான்கள் தேன் நிறத்திலும் பழுப்பிலும் அடக்கமாக இருக்கின்றன. அந்த அடக்கத்தையே உயர்ந்த ரசனை என்று வியக்கிறோம். செய்தபோது அவை அப்படி இல்லை. மரத்துணுக்குகளுக்குப் பச்சை, சிவப்பு, நீலச் சாயங்கள் ஏற்றப்பட்டிருந்தன. கண்ணைப் பறிக்கும் வர்ணங்கள். வெளிச்சம் அவற்றைத் தின்றுவிட்டது. பழுதுபார்க்கிறவர்கள் ஒரு தகட்டைப் பெயர்த்துத் திருப்பினால், வெளிச்சம் படாத மறுபுறத்தில் பழைய நிறம் தங்கியிருப்பதைக் காண்கிறார்கள். நாம் பாரம்பரியம் என்று எதைக் கும்பிடுகிறோமோ அது வெளிறல்.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793 ஆகஸ்டில் தொடங்கி ஒரு வருஷம் வெர்சாயின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலம் போயின. மொத்தம் 17,182 உருப்படிகள். ரீஸ்னர் தான் செய்து கொடுத்தவற்றையே திரும்ப வாங்கிப்போட்டார். காலம் திரும்பும், விற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். ரசனை மாறிவிட்டது. வாங்க ஆளில்லை. 1806ல் நொடித்துப்போய் இறந்தார். ஆனால் சாமான்கள் நொடிக்கவில்லை. மேரி ஆன்டனெட்டுக்காக 1783ல் அவர் செய்த கறுப்பு அரக்குப் பலகை பதித்த இழுப்பறைப் பெட்டியும் எழுதுமேசையும் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் டியூக்குகளிடம் போய்ச் சேர்ந்தன. 1882ல் அந்த மாளிகையின் ஏலத்தில் விலைபோய், பிறகு அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரர் வாண்டர்பில்ட் வசமாகி, 1920ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கு வந்தன. ராணி, டியூக், ரயில்வே முதலாளி, மியூசியம். நூற்று நாற்பது வருஷ ஐரோப்பிய, அமெரிக்க வர்க்க சரித்திரம் இந்த நான்கு சொற்களில் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு வர்க்கமும் தனக்கு முன்னிருந்ததன் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டிருக்கிறது.

3

பழஞ்சாமான் வியாபாரி நல்ல சரக்கா போலியா என்று பார்க்க முகப்பைப் பார்ப்பதில்லை. இழுப்பறையை உருவித் தலைகீழாகக் கவிழ்க்கிறான். மேசைக்குக் கீழே புகுந்து விளக்கடிக்கிறான். அங்கே மெருகு கிடையாது. ரம்பத்தின் வரிகள், இழைப்புளி விட்டுச்சென்ற மேடுபள்ளங்கள், மூலைகளில் பல்லோடு பல்லாகக் கோத்த இணைப்புகளின் ஒழுங்கின்மை ஆகியவற்றைத் தேடுகிறான். வரிகள் ஒரே சீராக வளைந்திருந்தால் வட்ட ரம்பம், அதாவது யந்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன் போகாது. ஒரு பல் அகலமாகவும் அடுத்தது ஒடுக்கமாகவும் இருந்தால் கைவேலை, விலை உண்டு.

இதில் உள்ள விபரீதம் சாதாரணமானதல்ல. சாமான் செய்யப்பட்ட காலத்தில் உழைப்பின் தடயம் அவமானம். அதை மெருகேற்றி அழித்தார்கள், அல்லது சுவர்ப்பக்கமாகத் தள்ளினார்கள். இருநூறு வருஷத்துக்குப் பிறகு அதே தடயம் அத்தாட்சியாகிவிட்டது. கை நடுங்கிய இடம், அவசரத்தில் இழைக்காமல் விட்ட இடம், யாரும் பார்க்கப்போவதில்லை என்று உளி கொஞ்சம் தாண்டிப்போன இடம் என்று எல்லாவற்றுக்கும் இப்போது பணம். அந்தப் பணம் நடுங்கிய கைக்குப் போகவில்லை என்று சொல்லத் தேவையில்லை. உழைத்தவனை இந்த உலகம் இரண்டு தடவை உபயோகித்துக்கொள்கிறது. முதலில் அவன் இல்லாததுபோல் காட்ட. பிறகு அவன் இருந்தான் என்று நிரூபிக்க.

நான் 'உருவம்' என்று சொல்வது முகப்பையும் அடிப்பக்கத்தையும் சேர்த்துத்தான். மெருகிட்ட பரப்பு எங்கே முடிந்து கரடுமுரடு எங்கே ஆரம்பிக்கிறதோ அந்தக் கோடு ஒரு சமூகக் கோடு. யாருடைய கண் படும், யாருடைய கை படும் என்று கணக்கிட்டு வரையப்பட்டது. பிரபுவின் கண் படும் இடத்தில் சந்தன வழவழப்பு; துடைப்பத்தோடு குனியும் வேலைக்காரியின் கண் மட்டும் படும் இடத்தில் வெறும் பலகை. அந்தக் கோட்டைப் பார்க்காதவன் உருவத்தைப் பார்த்தவன் ஆகமாட்டான்.

4

பாரிஸில் பட்டறையோடு நின்றோம். இங்கிலாந்துக்குப் போனால் மரம் வந்த வழியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1721ல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் தன் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் மரங்களுக்குத் தீர்வையை நீக்கியது. நோக்கம் கடற்படைக்குக் கப்பல் மரம். விளைவு வேறாயிற்று. ஜமெய்க்காவின் மஹாகனி வெள்ளமாக வந்து இறங்கியது. வால்நட் மரத்தின் காலம் போய் மஹாகனியின் காலம் வந்தது. அகலமான பலகை, புழு அரிக்காது, மெல்லிய காலாகக் கடைந்தாலும் முறியாது. ஜார்ஜ் மன்னர்கள் காலத்து நாற்காலியின் அந்த ஒல்லியான நளினம் இந்த மரத்தின் வலுவிலிருந்து பிறந்தது. வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். ஜமெய்க்காவில் நல்ல மரம் அரிதானதும் கோடரி ஹோண்டுராஸ் கரைக்கு, இன்றைய பெலீஸுக்கு, நகர்ந்தது. அங்கே கூட்டத்துக்கு ஒரு வேட்டையாள் உண்டு. மிருகத்தை அல்ல, மரத்தை வேட்டையாடுபவன். உயரமான மரத்தின்மேல் ஏறி, காட்டின் கூரையில் மஹாகனி இலைகளின் செம்மை எங்கே தெரிகிறது என்று பார்த்து வழி சொல்வான். அடிமரத்தின் புடைப்புக்கு மேலே பரண் கட்டி அதன்மேல் நின்று வெட்டுவார்கள். பகல் வெயிலில் மாடு தாங்காது என்று இரவில் தீவட்டி வெளிச்சத்தில் இழுத்துப்போய், மழையில் ஆறு பெருகும்போது மிதக்கவிடுவார்கள். 1981ல் விடுதலை பெற்ற பெலீஸின் கொடியில் இன்றும் ஒரு மஹாகனி மரமும் இரண்டு மரவெட்டிகளும் நிற்கிறார்கள். கீழே உள்ள லத்தீன் வாசகத்துக்கு நிழலில் செழிக்கிறேன் என்று பொருள். வெட்டிய மரத்தின் நிழல் எங்கே விழுந்தது என்று அந்தக் கொடி சொல்லவில்லை.

விழுந்த இடங்களில் ஒன்று யார்க்ஷயரிலுள்ள ஹேர்வுட் மாளிகை. கட்டியவர் எட்வின் லஸெல்ஸ். குடும்பச் சொத்து பார்படோஸ் சர்க்கரை, அடிமை வியாபாரம், தோட்ட முதலாளிகளுக்குக் கொடுத்த கடன். மாளிகைக்குச் சாமான் செய்தவர் தாமஸ் சிப்பெண்டேல். யார்க்ஷயரிலேயே தச்சன் மகனாகப் பிறந்து, லண்டனில் கடை வைத்து, 1754ல் சித்திரங்களோடு ஒரு மாதிரிப் புத்தகம் வெளியிட்டுப் புகழ்பெற்றவர். ஹேர்வுட்டில் மட்டும் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட வேலை. 1773ல் செய்த டயானா–மினர்வா இழுப்பறைப் பெட்டிக்குப் பில் 86 பவுண்டு. அரசக் கட்டிலுக்கு 250.

சிப்பெண்டேல் தன் சாமான்களில் முத்திரை அடித்ததில்லை. எது அவர் கடையுடையது என்று இன்று தீர்மானிப்பது பெரும்பாலும் மாளிகைகளில் தப்பிய பில்களையும் கடிதங்களையும் வைத்து. பேரேடு பார்ப்பதே பிழைப்பாகிவிட்ட எனக்கு இதில் ஒரு விசேஷ ருசி உண்டு. அழகின் ஊற்றைத் தேடிப் போனால் கிடைப்பது பாக்கித் தொகை. பிரபுக்கள் லேசில் பணம் கொடுப்பவர்களல்லர். நாஸ்டெல் மாளிகைக்காரருக்குச் சிப்பெண்டேல் எழுதிய கடிதங்களில் பணம் அனுப்பும்படி கெஞ்சுவதைக் காணலாம். அவர் 1779ல் காசநோயில் இறந்தார். பட்டறையை நடத்திய மகன் 1804ல் திவாலானார். அவர்களிடம் வேலை செய்தவர்கள்? 1755ல் லண்டன் பட்டறை தீப்பிடித்தபோது, 22 வேலையாட்களின் கருவிப் பெட்டிகள் எரிந்துபோனதாகச் செய்தி வந்தது. அந்த மனிதர்கள் நமக்குத் தெரியவரும் அரிய இடங்களில் அது ஒன்று. 22 எரிந்த பெட்டிகள். கருவி தொழிலாளியின் சொந்தம். அது போனால் அடுத்த நாள் கூலி இல்லை. சிப்பெண்டேல் பாணி என்று நாம் சொல்வது அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தது.

இந்தக் கணக்கு முடிந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1833ல் வந்தபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கப்பட்டது. அடிமைகளுக்கல்ல, சொந்தக்காரர்களுக்கு. அன்றைய ஹேர்வுட் பிரபு 1,277 பேருக்காக 26,000 பவுண்டுக்கு மேல் பெற்றார். நஷ்டஈட்டுக்காக அரசாங்கம் வாங்கிய கடனின் கடைசி மிச்சம் 2015ல்தான் அடைக்கப்பட்டது. அந்தத் தீவுகளிலிருந்து பிற்காலத்தில் பிரிட்டனுக்குப் பிழைக்கப் போன அடிமைகளின் சந்ததியாரும் தங்கள் வரிப்பணத்தால் அந்தக் கடனை அடைத்திருக்கிறார்கள்.

5

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது இலக்கியம் என்ன செய்தது? வில்லியம் கூப்பர் 1785ல் வெளியிட்ட 'தி டாஸ்க்' என்ற நீண்ட கவிதை பிறந்த கதை வேடிக்கையானது. ஒரு சிநேகிதி, சோஃபாவைப் பற்றி எழுதுங்கள் என்றார். கூப்பரும் முக்காலியில் தொடங்கி, நாற்காலிக்கு வந்து, சோஃபாவில் முடியும் ஒரு ஆசன சரித்திரத்தைப் பரிகாசமாகப் பாடினார். நடுவில் இந்தியாவிலிருந்து பிரம்பும் வந்து சேர்கிறது. இரண்டாம் பாகத்தில் அதே கவி அடிமைமுறையை உக்கிரமாகக் கண்டிக்கிறார். இரண்டு பாகங்களுக்கும் சம்பந்தம் இருப்பதாகக் கவிதைக்குத் தெரியவில்லை. கவிஞனின் மனசாட்சி விழித்திருக்கிறது. அது உட்கார்ந்திருக்கும் ஆசனத்தை மட்டும் கவனிக்கவில்லை.

ஜேன் ஆஸ்டினின் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலில் (1814), சொதர்ட்டன் மாளிகையின் சிற்றாலயத்தைப் பார்க்கப் போகும் ஃபானிக்கு ஏமாற்றம். காவியச் சாயலான புராதனத்தை எதிர்பார்த்தவள் எங்கும் மஹாகனியைப் பார்க்கிறாள். அவளை வளர்க்கும் குடும்பத்தின் வருமானத்துக்கு ஆன்டிகுவா தோட்டம் ஒரு ஆதாரம். அதைப் பற்றி எட்வர்ட் சயித் 1993ல் எழுதியபின் எல்லோரும் பேசியாயிற்று. ஆனால் ஆன்டிகுவா நாவலில் ஒரு ஊர்ப்பெயராக மட்டும் இல்லை. மரமாக வந்து கோவிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஷார்லட் பிராண்டேயின் 'ஜேன் அய்ர்' (1847) இன்னும் துலக்கமானது. சிறுமி ஜேனை அடைத்துவைக்கும் சிவப்பறையில் மஹாகனிக் கட்டில் நிற்கிறது. வளர்ந்தபின் மடெய்ராவில் வியாபாரம் செய்த சித்தப்பாவின் சொத்து கிடைத்ததும், அவள் ஒரு வீட்டின் அறைகளை அலங்கரிப்பது பழைய மஹாகனியாலும் சிவப்புத் துணியாலும். தன்னைத் தண்டித்த அறையை அவள் சொந்தக் காசில் திரும்பக் கட்டிக்கொள்கிறாள். எலைன் ஃப்ரீட்குட் 2006ல் எழுதிய புத்தகத்தில் இந்த மஹாகனியைப் பின்தொடர்ந்து மடெய்ராவுக்கும் கரீபியனுக்கும் போயிருக்கிறார். வெறும் விவரணை என்று நாம் தாண்டிப்போகும் வரிகளில் நாவல் தன் ரகசியங்களைப் போட்டுவைக்கிறது என்பது அவர் நமக்குக் கொடுக்கும் பாடம்.

டிக்கன்ஸ் தெரிந்தே செய்தார். 'அவர் மியூச்சுவல் ஃபிரெண்ட்' நாவலின் புதுப்பணக்காரக் குடும்பத்துக்கு வெனீரிங் என்றே பெயர். வீடும் சாமானும் சிநேகிதர்களும் எல்லாம் புத்தம் புதுசு, வார்னிஷ் இன்னும் காயவில்லை. கேலி நன்றாக இருக்கிறது. ஆனால் அது புதுப்பணத்தின்மேல் மட்டும் பாய்கிறது. பழம்பணமும் வெனீர்தான், காய்ந்துபோன வெனீர், என்ற இடத்துக்கு அந்தக் கேலி போவதில்லை.

ஹென்றி ஜேம்ஸ் இந்த விஷயத்தையே நாவலாக்கினார்: 'தி ஸ்பாயில்ஸ் ஆஃப் பாய்ன்டன்' (1897). வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்த பழஞ்சாமான்களை, ரசனையற்ற மருமகள் கையில் விடமாட்டேன் என்று போராடும் ஒரு தாய். ஜேம்ஸ் அந்தச் சாமான்களை அநேகமாக வர்ணிப்பதில்லை. அவற்றின்மேல் மனிதர்களுக்குள்ள பற்றுதான் நாவல். ரசனையே ஒரு வகைச் சொத்துரிமை, கண்டுபிடித்துச் சேர்த்தவளுக்குத்தான் சாமான் சொந்தம் என்ற வாதத்தை இவ்வளவு நுட்பமாக வேறு யாரும் செய்ததில்லை. வாதத்தில் தேடியவள் உண்டு, சேர்த்தவள் உண்டு. செய்தவன் இல்லை. கடைசியில் வீடு எரிகிறது, எல்லாம் போகிறது. ஜேம்ஸின் மேதைமையை நான் குறைக்கவில்லை. அந்த நெருப்பில் யாருடைய உழைப்பு எரிகிறது என்ற கேள்வி அங்கே எழ இடமேயில்லாதபடி ஒரு உலகத்தை அவர் மெருகேற்றி முடித்திருக்கிறார். அந்த வாக்கியங்களும் மேல்தகட்டு வேலைதான், உயர்ந்த தரம்.

6

இவையெல்லாம் அயலூர்ச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட முடியாதபடி நம்மிடமும் தேக்கு இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் பெட்டிகளும் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. அந்தத் தேக்கை ஏற்றுமதி செய்த ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்கு பர்மா மன்னர் விதித்த அபராதம் 1885 யுத்தத்துக்குச் சாக்காயிற்று. நாடே பிரிட்டிஷார் கைக்குப் போயிற்று. வீடு கட்டிய பணம் அங்கே நெல் விவசாயிகளுக்குக் கொடுத்த கடனின் வட்டி. 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த சாகுபடி நிலம் 1930ல் 6 சதவீதம். 1938ல் 25 சதவீதம். 1942ல் ஜப்பானியர் வந்தார்கள். பிறகு பர்மா விடுதலையடைந்து நிலத்தை எடுத்துக்கொண்டது. இங்கே வீடுகள் பாகம் பிரிந்தன, சில இடிக்கப்பட்டன, தூணும் கதவும் காரைக்குடியின் பழஞ்சாமான் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து ஹோட்டல்களுக்கும் பெருநகர வரவேற்பறைகளுக்கும் போயின. கடைக்காரர் எந்த ஊர் வீட்டுக் கதவு என்று சொல்வார். எந்த ஆசாரி என்று நாமும் கேட்பதில்லை.

நம் சிறுகதைகளுக்கு இது பொருந்துகிறது. நொடித்துப்போன பெரிய வீட்டைப் பற்றிய தமிழ்க்கதை எத்தனை படித்திருக்கிறோம். கூடத்தில் ஒரே பலகையில் செய்த தேக்கு ஊஞ்சல், பித்தளைச் சங்கிலி, அதில் தனியாக உட்கார்ந்திருக்கும் கிழவர். ஊஞ்சல் கிரீச்சிட்டால் ஒரு யுகம் முடிந்தது என்று அர்த்தம். வாசகன் நெகிழ வேண்டும். நானும் நெகிழ்ந்திருக்கிறேன், அந்தக் கதைகளில் சில மிக நல்ல கதைகள். ஆனால் அந்த ஊஞ்சல் எப்போதும் உட்கார்ந்திருப்பவரின் பக்கமிருந்தே பார்க்கப்படுகிறது. அவ்வளவு அகலப் பலகை கொடுக்க மரம் எவ்வளவு முதிர்ந்திருக்க வேண்டும், அதை எத்தனை பேர் தூக்கி வந்து மாட்டியிருப்பார்கள், எந்தெந்த ஜாதிக்காரர்கள் அதன்மேல் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்ற விஷயங்கள் கதைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றைப் பட்டியல் போட்டுச் சேர்க்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் கதை பிரசுரமாகிவிடும், துண்டுப் பிரசுரமாக. ஊஞ்சலை இன்னும் உன்னிப்பாகப் பார்க்கச் சொல்கிறேன். உட்கார்ந்து தேய்ந்த மேல்பக்கத்தை எழுதத் தெரிந்த கலைஞனுக்கு, கீழே குனிந்தால் இழைப்புளி விட்ட தழும்பும் தெரியும்.

முற்போக்கு விமர்சகர் அந்தக் கதையை நிலப்பிரபுத்துவ ஏக்கம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். ஏக்கம் எந்த வாக்கியத்தில், எந்த மெருகில் நடக்கிறது என்று அவர் காட்டுவதில்லை. காட்டினால் அந்த மெருகை முதலில் மதிக்க வேண்டியிருக்கும். உருவவாதி அந்த மெருகைத் தடவிக்கொண்டே மேல்பக்கத்தோடு நின்றுவிடுவார். பழஞ்சாமான் வியாபாரிக்கு இவர்கள் இருவரையும்விடத் தொழில் தெரிந்திருக்கிறது. அவன் லாபத்துக்காகத்தான் குனிகிறான் என்றாலும், குனிகிறான்.